எழுப்பாதிருத்தலும் சேவையே

உறங்குபவரைத் திடீரென்று எழுப்பலாகாது என்பது நம் வீடுகளில் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை. தொட்டிலில் குழந்தை உறங்கினால் கதவை மெல்லச் சாத்துகிறோம். இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குபவர் இருக்கும் வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். ஆலயத்திலும் அதிகாலையில் இறைவனைத் திருப்பள்ளியெழுச்சி பாடித்தான் துயிலெழுப்புகிறோம்.

இந்த அறிவுரை மிகப் பழமையானது. பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஜனக மன்னருக்கும் யாக்ஞவல்கிய முனிவருக்கும் நடைபெறும் உரையாடலில் இது இடம் பெறுகிறது. ஆழ்ந்து உறங்குபவனைச் சட்டென எழுப்பக் கூடாது என்று மக்கள் கூறுவது அங்கே நினைவூட்டப்படுகிறது. விலகி நின்ற ஆன்மா தனக்குரிய இடத்துக்குச் சரியாகத் திரும்பாவிட்டால் அவ்வுடலுக்கு மருத்துவம் செய்வது அரிதாகிவிடும் என்ற கருத்தும் அதனுடன் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்றைய மருத்துவ நூல்கள் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்கமாட்டா. ஆயினும், உறக்கம் கலைவதையும் மருத்துவம் கடினமாவதையும் அம்முன்னோர் ஒருங்கே வைத்து எண்ணினார்கள் என்பது சிந்தனைக்குரியது.

அந்தப் பகுதியை நான் பலமுறை படித்ததுண்டு. அதன் பொருள் என் நெஞ்சில் உறைத்தது ஒரு மனநல மருத்துவமனையின் இரவில்தான்.

பதினாறு இரவுகள்

2019ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், நான் பணிபுரிந்த வடமாநில நகரம் ஒன்றின் மனநல மருத்துவமனையில் என் தம்பியைச் சேர்க்க நேர்ந்தது. அதற்கு முந்தைய ஐந்து இரவுகள் அவன் கண்ணயரவில்லை. ஓயாத பேச்சு, ஓயாத திட்டங்கள், கையில் இருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்தல் என்று அவன் மனம் கரை உடைத்து ஓடிக்கொண்டிருந்தது. பரிசோதித்த மருத்துவர் பொறுமையானவர். "மருந்துகள் பல கொடுக்கப்போகிறோம். அவற்றோடு இவருக்கு வேண்டியது உறக்கம். சில இரவுகள் நன்றாக உறங்கிவிட்டால் நோயின் வேகம் பாதி இறங்கிவிடும்" என்றார். துணைக்கு ஒருவர் தங்கலாம் என்றார்கள். நான் தங்கினேன்.

அந்த வார்டில் மாலை ஆறரை மணிக்கே இரவு உணவு முடிந்துவிடும். எட்டு மணிக்கு மாத்திரை. அதன்பின் படுத்துவிட வேண்டும். ஆனால் செவிலியர் மேசைக்கு மேலிருந்த குழல்விளக்கு விடியும்வரை எரியும். இரும்புக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கட்டில்கள் அதிரும். எங்கோ ஒருவர் அழுவார், மற்றொருவர் அதட்டுவார். இவையெல்லாம் போதாவென்று, மணிக்கு ஒருமுறை இரவுச் சுற்று வரும். பணியில் இருப்பவர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, படுத்திருப்பவரின் முகத்தில் டார்ச் விளக்கை அடிப்பார். பிறகு பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'உறங்குகிறார்' என்று குறிப்பார்.

என் தம்பி மாத்திரையின் பலத்தால் பத்து மணிக்கு அயர்வான். பதினொன்றுக்கு வெளிச்சம் முகத்தில் விழும். "யார்?" என்று எழுந்து உட்காருவான். மீண்டும் படுத்து, புரண்டு, கண் செருகும் நேரத்தில் அடுத்த சுற்று வந்துவிடும். மூன்று மணிக்கு மேல் அவன் படுக்கவே மாட்டான்; வராந்தாவில் நடந்துகொண்டிருப்பான். ஐந்தாம் நாள் இரவு என்னிடம், "அண்ணா, நான் தூங்குகிறேனா என்று பார்ப்பதற்காகவே என்னை எழுப்புகிறார்கள்" என்றான். அந்த நோயின் கொந்தளிப்புக்கு நடுவே அவன் கூறிய மிகத் தெளிவான வாக்கியம் அதுதான்.

மறுநாள் காலை மருத்துவரிடமும் அதைச் சொன்னான். "இரவில் ஆட்கள் வந்து என் முகத்தில் விளக்கடித்து என்னைக் கவனிக்கிறார்கள்" என்றான். மருத்துவர் பதிவேட்டைப் பார்த்தார். அதில் இரவு முழுவதும் 'உறங்குகிறார்' என்றே இருந்தது. யாரோ தன்னைக் கண்காணிப்பதாக எண்ணுவது மனநோயில் அடிக்கடி காணப்படும் ஐயம் அல்லவா? அந்த ஐயம் தோன்றியுள்ளதாக அவர் குறிப்பெழுதத் தொடங்கினார். பக்கத்தில் நின்றிருந்த நான், "அவன் சொல்வது உண்மை, ஐயா" என்று சொல்லியிராவிட்டால், கலைந்த உறக்கத்துக்கு மருந்தாக இன்னொரு மாத்திரை கூடியிருக்கும். துணைக்கு யாருமில்லாத மற்றக் கட்டில்களில் இருந்தவர்களின் சொல்லுக்குச் சாட்சி சொல்ல யார் இருந்தார்கள் என்ற கேள்வி என்னை அன்றுமுதல் விடவில்லை.

உறக்கம் செய்யும் பணி

ஒரு பொழுது உறக்கம் கெட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நமக்குத் தோன்றலாம். உடல்நலமுள்ளவர் மறுநாள் சிறிது சோர்வார், அவ்வளவே. மனநோயுற்றவரின் நிலை வேறு.

இயல்பான இரவுறக்கம் ஒரே சீராக நிகழ்வதில்லை. மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவுகள் மிகும் உறக்கம் என்று படிகள் மாறி மாறி வருகின்றன. இத்தகைய ஒரு சுற்று நிறைவடைய ஏறத்தாழ 90 நிமிடங்கள் ஆகும். ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் நிகழ்கின்றன. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. பின்னிரவில் கனவுறக்கம் மிகுதி. 60 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருவரை விழிக்கச் செய்தால் ஒரு சுற்றைக்கூட அவர் ஒழுங்காக நிறைவு செய்ய முடியாது என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை.

உறக்கக் குறைவு மனநோயின் விளைவு மட்டுமே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நோய் தீர்ந்தால் உறக்கம் தானே வரும் என்று விட்டுவிட்டார்கள். அந்த எண்ணம் இப்போது மாறியிருக்கிறது. உறக்கக் குறைவே நோயைத் தூண்டவும் வளர்க்கவும் கூடும். இருமுனைக் கோளாறு உடையவர்களிடம் உறக்கம் குறைவது மனக் கிளர்ச்சி நிலைக்கு இட்டுச் செல்லும் பொதுவான பாதையாக இருக்கலாம் என்று 1987ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் வெளியாயிற்று. உறக்கமின்மைக்கு மருந்தில்லா உளவியல் பயிற்சி பெற்ற மாணவர்களிடம் உறக்கம் மேம்பட்டதுடன், பிறர்மேல் கொள்ளும் காரணமற்ற ஐயமும், இல்லாதவற்றைக் காணும் கேட்கும் அனுபவங்களும் குறைந்தன. தற்கொலை எண்ணம் வலுப்பதற்கும் உறக்கமின்மை ஒரு காரணி என்பதை மருத்துவர்கள் ஒப்புக்கொள்கின்றனர்.

மாத்திரை கொடுத்துத்தானே உறங்க வைக்கிறார்கள் என்று கேட்கலாம். தேவையான நேரத்தில் மாத்திரை பெருந்துணை. அதைக் குறை கூறுவது முறையாகாது. ஆயினும் மயக்கம் வேறு, உறக்கம் வேறு. பழக்கத்தில் உள்ள தூக்க மாத்திரைகளுள் ஒரு வகை, ஆழ்ந்த உறக்கத்தின் பங்கைக் குறைத்துவிடுகிறது. உறக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு உள்ளவருக்கு அத்தகைய மாத்திரை இடர் தரக்கூடும். மனநோய்க்கான சில மருந்துகளால் உடல் பருத்தவர்களுக்கு அக்கோளாறு வர வாய்ப்பு அதிகம். ஒரு கையால் மாத்திரை கொடுத்து உறங்கச் செய்து, மறு கையால் விளக்கடித்து எழுப்புவது மருத்துவமாகுமா?

இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் உறவு, தொழில், குற்றம் முதலான அடையாளங்கள் எல்லாம் கழன்றுவிடுகின்றன என்று மேற்சொன்ன அதே உபநிஷத உரையாடல் கூறுகிறது. பகல் முழுவதும் 'நோயாளி' என்ற பெயரைச் சுமந்து திரிபவர் மனநல மருத்துவமனையில் இருப்பவர். அவர் பேசினாலும் நோய், பேசாவிட்டாலும் நோய். அந்தச் சுமையை அவர் இறக்கி வைக்கக்கூடிய ஒரே இடம் உறக்கம். அங்கிருந்தும் அவரை மணிக்கொருமுறை அழைத்து வந்து, "நீ நோயாளி" என்று நினைவூட்டலாமா?

செவிலியர் சொன்ன மறுமொழி

எட்டாம் இரவில் எனக்குப் பொறுமை போயிற்று. அன்று பணியில் இருந்தவர் கேரளத்திலிருந்து வந்திருந்த நடுத்தர வயதுச் செவிலியர். தமிழும் ஓரளவு அறிந்தவர். "சிஸ்டர், இவனை ஓர் இரவாவது உறங்க விடக்கூடாதா? இது மருத்துவமனையா, சிறைச்சாலையா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. சுற்றை முடித்துவிட்டு வந்து, என் அருகில் இருந்த முக்காலியில் அமர்ந்தார்.

"நீங்கள் கேட்பது நியாயம்தான், சார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். முன்பு வேறோர் ஊரில் வேலை பார்த்தபோது ஒரு பையன் இருந்தான், கல்லூரி மாணவன். ஓர் இரவு போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தான். பாவம், இன்றாவது உறங்கட்டும் என்று நான் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. 'உறங்குகிறான்' என்று எழுதிவிட்டேன். அடுத்த சுற்றுக்கு வந்தபோது அவன் உயிரோடு இல்லை. விசாரணை நடந்தது, அதை நான் தாங்கிக்கொண்டேன். அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீ அவனைப் பார்த்தாயா அம்மா?' என்று கேட்டார்கள். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து முகத்தைப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை."

என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கையிலிருந்த விளக்கைக் கொடுமையின் கருவியாகக் கருதி வந்த நான், அதன் பின்னால் ஒரு தாயின் கேள்வி நிற்பதை அப்போதுதான் அறிந்தேன்.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நல்லவர் ஒருபுறமும் தீயவர் மறுபுறமும் நின்றால் அறம் எது என்று கண்டுபிடிப்பது எளிது. இங்கே இருபுறமும் அன்புதான் நிற்கிறது. எழுப்பாதே என்பதும் அன்பு. எழுப்பியேனும் உயிரோடு இருக்கிறாரா என்று பார் என்பதும் அன்பு. இவ்விரண்டில் எது தர்மம்?

காவலும் காப்பும்

இவ்விடத்தில் விவேகம் தேவைப்படுகிறது. அந்த டார்ச் விளக்கின் ஒளியில் மூன்று காரணங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முதலாவது, நோயாளியின் உயிர்மீது உள்ள அக்கறை. இரண்டாவது, பதிவேட்டை நிரப்ப வேண்டிய கடமை. நாளை ஏதேனும் நேர்ந்தால் 'பார்த்தோம்' என்று காட்டச் சான்று வேண்டும். மூன்றாவது, முன்பு நேர்ந்துவிட்ட ஒன்றைப் பற்றிய நம் அச்சம். முதலாவது மட்டுமே நோயாளிக்காகச் செய்யப்படுவது. மற்ற இரண்டும் நமக்காகச் செய்யப்படுபவை. அவை இயல்பானவை, மன்னிக்கத் தக்கவை. ஆயினும் அவற்றின் விலையை நோயாளியின் உறக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

காவல் என்ற பெயரில் செய்யப்படுவதெல்லாம் காப்பதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்பொழுதில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். ஓடிவிடாதிருக்க, தமக்கும் பிறர்க்கும் தீங்கு செய்யாதிருக்க என்று அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். பாதுகாப்புக்கென்று பூட்டிய சங்கிலியே அவர்களைத் தப்பவிடாமல் செய்தது. விளக்கும் சங்கிலியும் ஒன்றென்று நான் கூற வரவில்லை. செய்பவரின் மனநிறைவுக்கும் பெறுபவரின் பாதுகாப்புக்கும் இடையே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே நேர்ந்த சான்று அது.

மணிக்கொருமுறை பார்ப்பது உயிரைக் காக்கிறதா என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. மனநல மருத்துவமனைகளில் கண்காணிப்பில் இருந்தபோதே தம்மை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விசாரணைக் குழு 2015இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இடைவெளி விட்டுப் பார்க்கும் கண்காணிப்பில் இருந்தவர்களே. இரண்டு சுற்றுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை விளக்கால் காக்க முடியாது. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்துள்ளவருக்கு மணிக்கொரு விளக்கு போதாது. இரவெல்லாம் அருகில் ஓர் ஆள் வேண்டும். அத்தகைய ஆபத்து இல்லாதவருக்கு மணிக்கொரு விளக்கு தேவையில்லை. இருசாராருக்கும் ஒரே விளக்கை அடித்துவிட்டு இருவரையும் காத்துவிட்டதாக நாம் ஆறுதல் அடைகிறோம்.

முயன்று பார்த்தவர்கள்

இங்கிலாந்தின் வடபகுதியில் நார்தம்பர்லாந்து, கம்பிரியா வட்டாரங்களுக்கான அரசு மனநலச் சேவையினர் இதைத் துணிந்து செய்து பார்த்தார்கள். சில வார்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை 'காக்கப்பட்ட உறக்க நேரம்' என்று வகுத்தார்கள். ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே மதிப்பிட்டு, ஆபத்து குறைவு என்று தெளிந்தவர்களுக்கு அந்நேரத்தில் இரவுச் சுற்றை நிறுத்தினார்கள். உறக்கத்தைப் பற்றிப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்கள். 2020இல் வெளியான அவர்களது அறிக்கை, இதனால் தீங்கு எதுவும் நேரவில்லை என்று கூறியது. எல்லோரையும் எழுப்பாமல் விட்டுவிடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. யாரை எழுப்ப வேண்டும், யாரை எழுப்ப வேண்டாம் என்று சிந்திக்கும் உழைப்பை அவர்கள் மேற்கொண்டார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் தீவிர மனநோய்ப் பிரிவில் இருந்த 40 நோயாளிகளிடம் நடத்திய முயற்சி 2018இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவத்தோடு இரண்டு வாரம் உறக்கத்துக்கான உளவியல் பயிற்சியும் தரப்பட்டது. அவர்களது உறக்கம் தெளிவாக மேம்பட்டது; சராசரியாக எட்டு நாட்களுக்கு மேல் முன்னதாகவே அவர்கள் வீடு திரும்பினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் நோயின் உச்சத்தில் இருப்பவர்க்கு உறக்கப் பயிற்சி பயன்படாது என்ற எண்ணத்தை அது அசைத்தது.

ஒளியின் பங்கையும் சிலர் ஆராய்ந்தனர். நம் உடலுக்குள் இயங்கும் நாள் கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரத்தைப் பகலொளியும் இரவின் இருளுமே திருத்துகின்றன. இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனையில், இருமுனைக் கோளாற்றின் சோர்வு நிலையில் இருந்தவர்களுள் காலை வெயில் விழும் கிழக்கு அறைகளில் தங்கியோர், மேற்கு அறைகளில் தங்கியோரைவிட மூன்று நாட்களுக்கு மேல் முன்னதாக வீடு திரும்பியதாக 2001இல் ஆய்வாளர்கள் எழுதினர். நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் மாலை முதல் நீலநிற ஒளி நீக்கப்பட்டு மஞ்சள் சாயலான விளக்குகள் மட்டும் எரியும் மனநலப் பிரிவையே கட்டியிருக்கிறார்கள். சூரியன் மறைந்தபின் அகல் விளக்கின் பொன்னொளியில் வாழ்ந்து பழகிய நம் முன்னோருக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

நம் நாட்டுக்கும் இதில் சொந்தமான ஒரு வழி உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், இடம் போதாதபோது வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து நோயாளிகளோடு அவர்தம் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது வழக்கமாயிற்று. அதன் பயன்கள் பல. அவற்றுள் ஒன்று இரவில்தான் விளங்கும். நள்ளிரவில் கண் விழிப்பவர் முதலில் காண்பது அறிமுகமில்லாத ஒளியா, தன் தாயின் முகமா என்பது நோயின் போக்கையே மாற்றக்கூடும்.

எனினும் எல்லோருக்கும் தாய் வந்து அமர்வதில்லை. நம் நாட்டின் பெரிய மனநல மருத்துவமனைகளில் உறவினரால் கைவிடப்பட்டு ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்போர் உண்டு. துணையில்லாத அவர்களுக்காகவே இக்கேள்வியை நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது.

ஓர் உயிர் போய்விட்டால்?

"எழுப்பாமல் விட்டதால் ஓர் உயிர் போய்விட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று அந்தச் செவிலியர் என்னைக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி அங்கே இருந்தது. அதைத் தட்டிக் கழித்துவிட்டு உறக்கத்தின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

போன உயிர் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு தாய் இருக்கிறாள். கெட்ட உறக்கத்தால் நீண்ட நோயோ, கூடிய மருந்தோ, வீடு திரும்பத் தாமதமான வாரங்களோ, விடியற்காலையில் வலுத்த விபரீத எண்ணமோ எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தெரியும் துன்பத்துக்கு அஞ்சித் தெரியாத துன்பத்தைப் பலருக்குத் தருவது கருணைபோலத் தோன்றும்; ஆராய்ந்தால் அது முழுமையான கருணை ஆகாது. அதே சமயம், பலருடைய நன்மையைக் காட்டி அந்த ஒரு தாயின் கேள்வியை ஒதுக்கிவிடவும் நமக்கு உரிமையில்லை.

ஆகவே, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விதி இங்கே கிடையாது. விதிக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் எதற்காக இவரை எழுப்புகிறேன்? அந்தக் காரணம் இன்றிரவு, இவருக்கு, உண்மையிலேயே பொருந்துமா? எழுப்பாமலே அதை அறிந்துகொள்ள எனக்கு வழி உண்டா? முதற் கேள்வி நம் நோக்கத்தைத் தூய்மைப்படுத்துகிறது. இரண்டாவது, கட்டில் எண்ணைப் பார்க்கும் கண்ணை மனிதரைப் பார்க்கும் கண்ணாக்குகிறது. மூன்றாவது நம் திறமையைக் கேட்கிறது. மூன்றையும் கேட்டபின் எழுப்ப வேண்டியிருந்தால் எழுப்புவதே தர்மம். அப்போதும் முகத்தில் ஒளியை வீசி எழுப்புவதற்கும், பெயர் சொல்லி மெல்ல அழைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

நாம் செய்யக்கூடியவை

2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கிறது. கொடுமையும் இழிவும் செய்யும் நடத்தையிலிருந்து பாதுகாப்பு, சுகாதாரமான இடம், அந்தரங்கம், நல்லுணவு, தகுந்த உடை ஆகியவற்றை உரிமைகளாக அது பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் உறக்கம் தனியே பெயர் சொல்லப்படவில்லை. மூச்சு விடும் உரிமையைத் தனியே எழுதுவதில்லை. அதுபோல எழுத வேண்டியதில்லை என்று எண்ணினார்கள் போலும். ஆனால் எழுதப்படாத உரிமையைக் காப்பது மனிதர்களின் பொறுப்பாகிறது.

மருத்துவமனைகளுக்குத் தொண்டு செய்யச் செல்லும் அன்பர்கள் பழமும் போர்வையும் கொண்டு செல்கிறோம். இனி ஒரு கேள்வியையும் கொண்டு செல்வோம்: "இரவில் நன்றாக உறங்க முடிகிறதா?" விடையைப் பொறுமையாகக் கேட்போம். 'இரவில் யாரோ வருகிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், அது நோயின் பேச்சு என்று முடிவு கட்டுமுன் ஒருமுறை விசாரிப்போம். கிரீச்சிடும் கதவுக்கு எண்ணெய், செவிலியர் மேசைக்கு மறைப்புள்ள சிறு விளக்கு, சன்னலுக்குத் திரைச்சீலை, விரும்புவோர்க்குக் காதடைப்பான் ஆகியவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. காதடைப்பான் போன்றவற்றை மருத்துவக் குழுவின் ஒப்புதலோடுதான் தர வேண்டும். மாலைத் தேநீரைச் சற்று முன்னதாகக் கொடுப்பது, இரவு உணவைச் சற்றுப் பின்னதாக வைப்பது, பகலில் வெயில்பட நடக்கச் செய்வது ஆகியவற்றை நிர்வாகத்தினரிடம் பணிவோடு எடுத்துரைக்கலாம். நாற்பது ஐம்பது பேருக்கு ஒருவராக இரவைக் கழிக்கும் செவிலியர்மீது குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் துணையாக இன்னொருவர் வேண்டும் என்று கேட்பதே நோயாளியின் உறக்கத்துக்காக நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஒரு சிவப்புத் தாள்

என் தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். எட்டாம் இரவு உரையாடலுக்குப் பின் அந்தச் செவிலியர் மருத்துவரிடம் பேசினார். தம்பியின் நிலையை மருத்துவர் புதிதாக மதிப்பிட்டார். நான் அருகிலிருப்பதையும் கணக்கில் கொண்டு, அவனை எழுப்பாமல் கவனித்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். பத்தாம் இரவு அச்செவிலியர் சுற்றுக்கு வந்தபோது, டார்ச் விளக்கின் கண்ணாடிமேல் சிவப்பு ஜெலட்டின் தாளைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார். மங்கிய ஒளியைத் தரையில் விழவிட்டுக் கட்டிலருகே நின்றார். தம்பியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி, உதடுகள் அசைய, மூச்சுகளை எண்ணினார். ஜபம் செய்பவரைப் போல அவர் நின்ற நிலை இன்னும் என் கண்முன் உள்ளது. எண்ணி முடித்தபின் அடுத்த கட்டிலுக்குச் சென்றார். அங்கே ஆபத்துள்ளவர் என்று குறிக்கப்பட்ட ஒருவர் போர்வையை முகம்வரை போர்த்திப் படுத்திருந்தார். அவரைப் பெயர் சொல்லி மெல்ல அழைத்து, போர்வையை விலக்கி, அவர் விழித்துப் பார்த்த பின்னரே நகர்ந்தார்.

முன்பு அரை நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது அவருக்கு இரண்டு நிமிடங்கள் ஆயின. பதிவேட்டில் எழுதியது அதே சொல்தான். அன்று அது உண்மையாக இருந்தது.

தம்பி அன்று ஐந்து மணி நேரம் தொடர்ந்து உறங்கினான். அவன் குணமடைந்ததற்கு அதுவே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தும் மருத்துவரும் காலமும் சேர்ந்து செய்த பணி அது. பதினேழாம் நாள் வீடு திரும்பும்போது அவன் அந்தச் செவிலியரைத் தேடிச் சென்று கைகூப்பினான். எதற்காக என்று அவர் கேட்டார். "என்னை எழுப்பாமல் இருந்ததற்கு" என்றான்.

சேவை என்றால் நாம் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றைச் செய்வதையே நினைக்கிறோம். உறங்கும் ஒருவரின் அருகே விழித்திருந்து, அவர் உறக்கம் கலையாதபடி அவரைக் காப்பதும் சேவையே. அதற்கு நன்றி கூற அவர் விழித்திருக்கமாட்டார். அதனால்தான் அது தூயது.